ஆறுதலாக விற்ற படகு

காப்பாரில் இருக்கும் என் மச்சான் கணேசன் போன மாதம் தன் படகை விற்கப்போவதாக அறிவித்தான். என்னிடம் சொல்லவில்லை, கைப்பேசியில் போட்டான். நான் கிள்ளானில் முப்பது வருடத்துக்கு மேல் படகுத் தரகு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவனுடைய சொந்த அக்காளின் புருஷன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் படகை நாலு பக்கமும் படம் பிடித்துப் போட்டு, அதன் அடியில் "புரோக்கர் வேண்டாம்" என்று மூன்று மொழியில் எழுதியிருந்தான். ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதியது ஊருக்கு. தமிழில் எழுதியது எனக்குத்தான் என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் தம்பியை விட்டுக்கொடுக்காமல், வேறு தரகர்களும் தமிழ் படிப்பார்கள் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவனிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"கோச்சிக்காதீங்க மாமா. இப்பல்லாம் போன்லயே விக்கிறாங்க. விக்கிறவன் நானு, வாங்குறவன் அவன். நடுவுல ஒரு ஆளு எதுக்கு லா?" என்றான்.

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் கைப்பேசி கத்தியது. எடுத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தான். யாரோ முகம் தெரியாத ஒருவன், வணக்கம் கூடச் சொல்லாமல், "பாஸ், லாஸ்ட் பிரைஸ்?" என்று கேட்டிருந்தான். சாப்பிட்டு முடிப்பதற்குள் இன்னும் இரண்டு பேர் அதே கேள்வியை அதே எழுத்தில் கேட்டுவிட்டார்கள். கணேசன் ரசத்தைக் கையில் ஊற்றிக்கொண்டே பதில் தட்டிக்கொண்டிருந்தான்.

நடுவில் ஒரு ஆள் எதற்கு? இந்தக் கேள்வியை என்னிடம் வாடிக்கையாளர்கள் கேட்டிருக்கிறார்கள், என் மனைவி கேட்டிருக்கிறாள், இப்போது இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் பையன்களும் கேட்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் சேர்த்து எழுதுகிறேன்.

நான் படகுக் குடும்பத்தில் பிறந்தவன் இல்லை. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். அந்த ஆபீசை மூடிவிட்டார்கள். எதிர்க்கடையில் தினமும் என்னோடு காப்பி குடிக்கும் படகுத் தரகர் ஆ செங், நாங்கள் தவுக்கே என்று கூப்பிடும் சீன முதலாளி, "வேலை இல்லன்னா என்கிட்ட வா, உனக்கு ஃபாரம் எழுதத் தெரியும், எனக்குத் தெரியாது" என்றார். போனேன். முதல் இரண்டு வருடம் ஃபாரம் எழுதினேன், படகு கழுவினேன், அவருடைய நாய்க்குச் சோறு போட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் என்னை ஒரு படகுக்குள் தனியாக அனுப்பினார்.

ஆ செங் தவுக்கேயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். அவருடைய அப்பா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். அதனால் தவுக்கே சீன மொழிக்கு முன்னால் தமிழ் பேசியவர். எங்கள் தோட்டத்துத் தமிழ், கெட்ட வார்த்தை உட்பட ஒன்று விடாமல் தெரியும். வெள்ளை பனியன், அரைக்கால் சட்டை, ஜப்பான் சிலிப்பர். சப்பாத்து, அதாவது ஷூ, போட்டால் பேங்க்குக்குப் போகிறார் அல்லது சாவு வீட்டுக்குப் போகிறார் என்று பொருள்.

யாராவது படகு விற்க வந்தால் தவுக்கே விலையைக் கேட்கமாட்டார். எஞ்சின் என்ன வயது என்று கேட்கமாட்டார். முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இந்தப் படகு உன்னை எத்தனை தடவை ஏமாத்துச்சு?" ஒரு தடவை கூட இல்லை, தங்கமான படகு என்று சொல்கிற ஆளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். தலையில் அடித்துக்கொண்டு சிரித்து, கேத்தாம் தீவுப் பக்கம் நடுக்கடலில் நின்றுபோன கதையைச் சொல்கிறவனின் படகைத்தான் எடுப்பார். உண்மையைச் சொல்கிற ஆளின் படகை விற்பது சுலபம் என்பது அவருடைய கணக்கு.

படகில் ஏறும் முன் சிலிப்பரைக் கழற்றுவார். ஏறியதும் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைப்பார். எஞ்சின் வெதுவெதுப்பாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே கிளப்பிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள், குளிரில் கிளம்பாத நோயை மறைக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்ப்பார். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. பலகையைத் திருப்புளியின் கட்டைப் பிடியால் தட்டிக்கொண்டே போவார். நல்ல பலகை ஒரு மாதிரி பேசும், உளுத்த பலகை ஒரு மாதிரி பேசும். கடைசியாக அடித்தளப் பலகையைத் தூக்கிவிட்டு மூக்கை உள்ளே விடுவார். அந்த நாற்றத்தை நானும் முப்பது வருடம் மோந்திருக்கிறேன், இன்னும் பழகவில்லை.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. படகின் மேல் நின்றுகொண்டு விலை பேசக்கூடாது. வாங்குகிறவன் ஆசையில் வாயைத் திறந்தால், "இறங்கு, இறங்கு, கரையில பேசுவோம்" என்று கையைப் பிடித்து இறக்கிவிடுவார். படகுக்குக் காது இருக்கிறதாம். நான் முதலில் சிரித்தேன். பிறகு நானும் அப்படியே செய்தேன்.

தரகர் எல்லாருக்கும் தேவை என்று நான் சொல்லமாட்டேன். ஒரே படகுத்துறையில் பக்கத்துப் பக்கத்தில் படகு கட்டும் இரண்டு சிநேகிதர்கள் ஒருமுறை வந்தார்கள். ஒருவர் விற்கிறார், மற்றவர் வாங்குகிறார், எங்களை நடுவில் இருக்கச் சொன்னார்கள். தவுக்கே இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீங்கள் இருபது வருடமாக ஒருத்தர் படகை ஒருத்தர் கடன் வாங்கியிருக்கிறீர்கள், நான் எதற்கு என்று திருப்பி அனுப்பிவிட்டார். உரிமை மாற்று ஃபாரத்தை மட்டும் நான் எழுதிக் கொடுத்தேன்.

அதே வருடம் இன்னொருவர், புரோக்கருக்குக் கொடுப்பது வீண் என்று தானே விற்கப் போனார். வாங்க நல்ல ஆள் கிடைத்தான். எல்லாம் பிடித்திருக்கிறது, இந்த மெத்தைகளை மட்டும் கடாசிவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்வேன் என்றான். அந்த மெத்தை உறைகள் விற்கிறவரின் மனைவி தைத்தவை. அவர் அப்போதுதான் மனைவியை இழந்திருந்தார். பேச்சு தடித்து, கைகலப்பு வரை போய், படகு விற்காமல் நின்றது. பிறகு எங்களிடம் வந்தார். நான் அந்த உறைகளைக் கழற்றி மடித்து அவர் வீட்டுக்கு அனுப்பி வைத்துவிட்டுத்தான் படகை மற்றவர்களுக்குக் காட்டினேன்.

இதையெல்லாம் கணேசனிடமும் சொன்னேன். "அதெல்லாம் பெரிய போட் மாமா, என்னுது ஃபைபர் போட்" என்றான். சரி, அவனுக்குக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த ஒரு ஆன்டியின் கதையைச் சொல்வது என்று முடிவு செய்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் நடந்தது. ஒரு மத்தியானம் ஆபீசுக்குப் போன் வந்தது. வயதான பெண் குரல், சிலோன் தமிழ்.

"தம்பி, போட் விக்கிற ஆள் நீங்களோ? இவற்ற போட் ஒண்டு உங்க ஆத்தில நிக்குது. அதை ஒருக்கா ஆறுதலா வித்துத் தரவேணும்."

இவர் என்றது தன் கணவரை. மறுநாள் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். பழைய அடுக்குமாடி. கனகசபை அங்கிள் பொதுப்பணி இலாகாவில் பாலம் கட்டி ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இடது கை விழுந்திருந்தது, பேச்சு லேசாக இழுத்தது. பிள்ளைகள் இருவரும் மெல்பர்னில். மனைவியின் பெயர் பரமேஸ்வரி, நான் ஆன்டி என்றே கூப்பிட்டேன். கடலுக்கு இனி போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

அங்கிள் படகு விற்பதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. கிள்ளானில் இப்போது தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேட்டார். காரில் வந்தேன், கவனிக்கவில்லை என்றேன். போட் விக்கிற ஆளுக்கு வத்துப்பெருக்குத் தெரியாதோ என்று மனைவியைப் பார்த்துக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தோடு நேர்காணல் முடிந்தது.

ஆன்டி லிஃப்ட் வரை வந்தார். சாவியை என் கையில் வைத்து, வீட்டுக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "மறந்துபோடாதைங்கோ தம்பி. ஆறுதலா" என்றார்.

எனக்கு மனசு கனத்துவிட்டது. எங்கள் பக்கம் ஆறுதல் என்ற சொல் சாவு வீட்டில் வரும், கஷ்டத்தில் இருப்பவர்களிடம் போகும்போது வரும். நான்கு ஆறுதல் வார்த்தை சொல்லிவிட்டு வா என்பார்கள். பாவம், படுத்த புருஷன், தூரத்தில் பிள்ளைகள், ஆற்றில் ஒரு படகு பாரமாக நிற்கிறது, அது தொலைந்தால்தான் இந்த அம்மாவுக்கு ஆறுதல் என்று நான் புரிந்துகொண்டேன். தவுக்கேயிடமும் அப்படியே போய்ச் சொன்னேன்.

"ரெண்டு தடவை சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டாவது தடவ ரகசியமா சொன்னாங்க தவுக்கே."

"அப்ப அந்தம்மா ரொம்ப கஷ்டப்படுது. மத்த படகெல்லாம் நிக்கட்டும். இத முதல்ல முடி."

அன்றைக்கே போய்ப் பார்த்தோம். செங்கால் என்ற உறுதியான மரத்தில் கட்டிய பழைய படகு, மீன்பிடிப் படகாக இருந்ததை அங்கிள் வாங்கித் தூண்டில் போடுவதற்காக மாற்றியிருந்தார். பின்புறம் வெள்ளை எழுத்தில் "சபார்" என்று பெயர். மலாயில் பொறுமை. வரிசையில் நிற்கிறவனிடம், சாப்பாடு எங்கே என்று கத்துகிற பிள்ளையிடம், எல்லாரிடமும் இந்த ஊரில் நாம் சொல்கிற வார்த்தை. ஏன் அந்தப் பெயர் என்பது எஞ்சினைக் கிளப்பும்போது தெரிந்தது. முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவை புகை விட்டது. மூன்றாவது தடவைதான் ஓடியது. ஓடிய பிறகு ஒரு குறையும் இல்லை. தவுக்கே தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, நன்றாக வைத்திருக்கிறான் கிழவன் என்று பாராட்டினார்.

ஒரு மரப்படகை விற்க எங்களுக்குச் சாதாரணமாக மாதக்கணக்கில் ஆகும். தவுக்கே எங்கெங்கோ போன் போட்டார், பழைய கடன் பாசத்தையெல்லாம் நினைவூட்டினார், ஒரே வாரத்தில் ஆளைப் பிடித்துவிட்டார். ஆற்றோரம் கடலுணவுக் கடை நடத்துகிறவர். கடை வாசலில் மரப்படகு ஒன்றை நிறுத்தி, அதற்குள் கண்ணாடித் தொட்டி வைத்து நண்டு விடவேண்டும் என்று அவருக்கு நீண்ட நாள் ஆசை. பேரம் கூட பேசவில்லை. தவுக்கே கரையில் நின்று அவருக்குக் கை கொடுத்தார். அவர் கை கொடுத்தால் எழுத்து தேவையில்லை, அது அந்த ஆறு முழுக்கத் தெரியும்.

நான் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்குப் பறந்தேன்.

"முடிஞ்சிருச்சு ஆன்டி. ஒரே வாரத்துல வித்தாச்சு. இனிமே உங்களுக்கு ஆறுதலா இருக்கும்" என்றேன் வாசலிலேயே.

அவர் லட்டுப் பெட்டியையும் என்னையும் பார்த்தார். வெளியே வந்து கதவை மெதுவாகச் சாத்தினார்.

"தம்பி, நான் ஆறுதலா விக்கச் சொல்லியெல்லோ சொன்னனான்?"

"ஆறுதலாத்தானே ஆன்டி…"

"இதுவோ ஆறுதல்? இது நாலுகால் பாய்ச்சலெல்லோ!"

நான் முழித்தேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டு பேரும் பேசுவது தமிழ்தான், இரண்டு பேருக்கும் நன்றாகக் காது கேட்கிறது. அவருக்குத்தான் முதலில் விளங்கியது. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல எனக்குச் சொன்னார். அவர்கள் ஆட்களுக்கு ஆறுதலா என்றால் மெல்ல மெல்ல. அவசரப்படாமல். ஆறுதலாச் சாப்பிடுங்கோ, ஆறுதலா வாங்கோ. கெதியா வேணுமென்றால் கெதியா என்றல்லவா சொல்லியிருப்பேன் என்றார். எங்கள் வீடுகளில் கெதி என்றால் ஒருவன் வேலை போய் நடுத்தெருவில் நிற்கும்போது உன் கெதி என்னாவது என்று கேட்பது. அவர்களுக்கு அது விரைவு.

அப்புறம் அவர் மற்றதையும் சொன்னார். இதை மட்டும் அவர் வாயாலேயே கேளுங்கள்.

"காலமை எழும்பினா இவர் கேக்கிற முதல் கதை வத்துப்பெருக்குத்தான். கடலுக்குப் போகக்கூடாது எண்டுதான் டாக்டர் சொன்னவர். கரைக்குப் போகக்கூடாது எண்டு சொல்லேல்லை. பிள்ளையள் ஒவ்வொரு ஞாயிறும் போட் வித்தாச்சோ, வித்தாச்சோ எண்டு நிக்கிதுகள். புரோக்கரிட்டக் குடுத்திட்டம் எண்டா அதுகள் பேசாமல் இருக்குங்கள். வாங்கிற ஆக்களுக்குக் காட்டவேணும் எண்டு நான் இவரைக் கூட்டிக்கொண்டு வருவன். எப்ப இவரா விடுறாரோ அப்ப விக்கலாம். அதுக்குத்தான் தம்பி உங்களைப் பிடிச்சது. சும்மா விக்கிறதெண்டா நானே பேப்பரில போட்டு வித்திருப்பனே."

முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவனுக்குப் புரோக்கர் எதற்கு என்பதை அந்த நடைபாதையில் ஒரு அம்மா சொல்லிக் கொடுத்தார். உள்ளே அங்கிள் யார் வந்திருக்கிறது என்று கேட்டார். ஆரோ விலாசம் மாறி வந்திட்டினம் என்று ஆன்டி பதில் சொன்னார். நான் லட்டுப் பெட்டியோடு திரும்பப் பார்த்தேன். "அதை வச்சிட்டுப் போங்கோ" என்று வாங்கிக்கொண்டார்.

கிள்ளான் வரும்வரை தவுக்கேயிடம் இதை எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். தவுக்கே கை கொடுத்துவிட்டார். கொடுத்த கையை அவர் ஒருமுறை கூடத் திரும்ப எடுத்ததில்லை. இந்தப் படகு நண்டுத் தொட்டியானால் அங்கிளுக்கு அடுத்த காலையில் கேட்க ஒன்றும் இருக்காது. நான் போனபோது தவுக்கே மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன். முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"திரும்பச் சொல்லு. ஆறுதலான்னா மெல்லமாவா?"

"ஆமா தவுக்கே."

"நானாவது சீனன். நீ தமிழன்தானே?"

அவர் சாப்பாட்டை முடித்தார், கை கழுவினார், பின்னறைக்குப் போய்ச் சப்பாத்து போட்டுக்கொண்டு வந்தார். பேங்க் அந்நேரம் மூடியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது.

கடலுணவுக் கடைக்கு நானும் கூடப் போனேன். தவுக்கே உட்காரவில்லை. என் காது தப்பாகக் கேட்டுவிட்டது, அந்தப் படகைத் தரமுடியாது, அதைவிடப் பெரிய பழைய படகு ஒன்று சேற்றில் கிடக்கிறது, கடலுக்கு இனி ஆகாது, உன் வாசலுக்கு ஆகும், என் செலவில் தூக்கி வந்து நிறுத்துகிறேன் என்றார். தன் காது என்றுதான் சொன்னார், என் பெயரை இழுக்கவில்லை. கடைக்காரர் கத்தினார். ஆ செங்கின் கைக்கு இனி மதிப்பில்லை என்று ஆறு முழுக்கச் சொல்வேன் என்றார். தவுக்கே தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

கடைக்காரர் சொன்னபடி சொல்லவும் செய்தார். அந்த வருடம் எங்களுக்கு வரவேண்டிய சில படகுகள் வேறு தரகரிடம் போயின. சேற்றில் கிடந்த படகை கிரேன் வைத்துத் தூக்கிக் கடை வாசலில் நிறுத்தினோம். நண்டுத் தொட்டி அதில் நன்றாகவே பொருந்தியது. தவுக்கே பிறகு அந்தக் கடைக்கு மாதம் ஒருமுறை குடும்பத்தோடு சாப்பிடப் போனார். கடைக்காரர் பேச ஆரம்பிக்க ரொம்ப நாள் ஆனது.

இதற்குப் பிறகு சபார் விற்பனைக்கு நின்றது. விற்கப்போகிற படகின் எஞ்சின் வாரம் ஒருமுறை ஓடவேண்டும், அந்த எஞ்சினின் குணம் சொந்தக்காரருக்குத்தான் தெரியும், அவரே வந்து கிளப்பினால்தான் ஆச்சு என்று தவுக்கே போனில் அங்கிளிடம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. சனிக்கிழமைதோறும் அங்கிளும் ஆன்டியும் கொமுட்டர் ரயிலில் போர்ட் கிள்ளானுக்கு வர ஆரம்பித்தார்கள். நான் ஸ்டேஷனில் போய்க் கூட்டி வருவேன். படகில் ஏறுவதற்கு இரண்டு பேர் தாங்கவேண்டும். ஏறி உட்கார்ந்துவிட்டால் அங்கிள் பழைய இஞ்சினியர் ஆகிவிடுவார். கயிறுகள் கட்டியபடி இருக்க, எஞ்சின் ஓட, வலது கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஆன்டி இடியப்பத்தையும் சொதியையும் எங்களுக்கும் சேர்த்துத்தான் கொண்டு வருவார். தவுக்கே சொதிக்கு அடிமையாகிப்போனார்.

வாங்குகிறவர்களும் வந்தார்கள், நாங்கள் யாரையும் வராதே என்று சொல்லவில்லை. அங்கிள் ஒவ்வொருவருக்கும் பரீட்சை வைத்தார். உமக்கு நீந்தத் தெரியுமோ, நீர் போட் வாங்குறது மனுசிக்குத் தெரியுமோ என்றெல்லாம் கேட்பார். படகின் குறைகளை அவரே ஒன்றுவிடாமல், குறும்புக்காரப் பேரனைப் பற்றிச் சொல்வது போலச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். தவுக்கேக்குத் தன்னுடைய கேள்வியைக் கேட்க வேலையே வைக்கவில்லை. ஷா ஆலத்திலிருந்து வந்த ஒரு கம்பெனி மேனேஜர் எஞ்சின் இரண்டாவது தடவையும் இருமியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அங்கிள் எஞ்சினை நிறுத்திவிட்டு, இது உமக்குச் சரிவராது என்று நேராகச் சொல்லிவிட்டார். ஆன்டி எனக்கு மட்டும் தெரியும்படி புன்னகை செய்தார்.

மெல்பர்னிலிருந்து மகள் ஒருமுறை எனக்கே போன் பண்ணி, ஏன் இவ்வளவு நாள் ஆகிறது என்று கோபித்துக்கொண்டார். நான் பொறுமையாகத் திட்டு வாங்கிக்கொண்டேன். நல்ல ஆள் கிடைக்கவேண்டும் அம்மா என்றேன். அதுவும் என் வேலைதானே.

ஒரு சனிக்கிழமை ஒரு ஹாஜி வந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியோடு வந்திருந்தார். யாரும் சொல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஏன் சபார் என்று பெயர் என்று கேட்டார். அங்கிள் பதில் சொல்லாமல் எஞ்சினைக் கிளப்பினார். முதல் தடவை இருமல், இரண்டாவது தடவை புகை. அன்றைக்குப் பார்த்து மூன்றாவது தடவையும் பிடிக்கவில்லை. ஹாஜி சாவகாசமாக உட்கார்ந்து, கொண்டு வந்த பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி முதல் குவளையை அங்கிளிடம் நீட்டினார். இருவரும் குடித்து முடித்த பிறகு எஞ்சின் பிடித்தது.

ஹாஜி விலை கேட்க வாயெடுத்தார். நானோ தவுக்கேயோ சொல்வதற்கு முன் அங்கிளே கையை உயர்த்தி, இறங்கிக் கதைப்போம் என்று மலாயில் சொன்னார். எங்கள் வழக்கத்தை எப்போது கவனித்தார் என்று தெரியவில்லை. கரையில் இறங்கி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்த சனிக்கிழமையும் வரச் சொன்னார். அதற்கடுத்த சனிக்கிழமையும். ஹாஜி முணுமுணுக்காமல் வந்தார். நான்காவது முறை, மனைவியிடம் திரும்பி, "இவரிட்டக் குடுக்கலாம்" என்றார் அங்கிள். ஆன்டி பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தார், மூடி கை நழுவிக் கீழே விழுந்தது.

இதுவரைக்கும்தான் கணேசனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் கொஞ்ச நேரம் தன் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "என் போட்டு எத்தனை தடவ என்ன ஏமாத்தியிருக்கு தெரியுமா மாமா" என்று ஆரம்பித்தான். என் மனைவி இன்னொரு குவளை காப்பி போட எழுந்து போனாள். படகை அவன் இன்னும் விற்கவில்லை. "புரோக்கர் வேண்டாம்" என்ற வரியில் தமிழை மட்டும் எடுத்துவிட்டான்.

சபார் கைமாறிய நாளைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. காலையில் கடல்துறை அலுவலகத்தில் கையெழுத்துகள் முடிந்தன. அங்கிள் தயங்காமல் போட்டுவிட்டார். பிறகு படகுத்துறைக்கு வந்தோம். அன்றைக்கு அவர் ஏறவில்லை. சாவியை வலது கையில் எடுத்தார். ஒரு நொடி நின்றார். ஒற்றைக் கையால் கொடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது, செயலற்ற இடது கையை வலது கையால் தூக்கிச் சேர்த்து, இரண்டு கையாலும் ஹாஜியிடம் நீட்டினார். ஹாஜியும் இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார். தவுக்கே அன்று சப்பாத்து போட்டிருந்தார். ஆற்றைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

ஸ்டேஷனுக்கு நான்தான் கூட்டிப் போனேன். ரயில் வந்து நின்றது. ஆன்டி முதலில் ஏறி, உள்ளேயிருந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். அங்கிள் ஒரு காலைப் பெட்டியில் வைத்தபடி என் பக்கம் திரும்பினார். அந்தப் படகு விற்பனைக்கு நின்று அப்போது ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"கெதியா வித்துப்போட்டீர் தம்பி" என்றார்.

கெதியா என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தது.